ஒரே ஊர், ஒரே பிள்ளைகள், மூன்று திட்டங்கள்: இதை யார் கோர்ப்பது?

#1 வரப்பு
வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க. சண்டை ஓய்ஞ்சு சில வருஷம் ஆன ஒரு கிராமப் பகுதியில இளைஞர் வேலைவாய்ப்புத் திட்டத்துக்கு ஒருங்கிணைப்பாளரா வந்து நாலு மாசம் ஆச்சு. இடத்தோட பேரைச் சொல்லப் போறதில்லை. சொன்னா பேச்சு அந்த ஊர் அரசியலுக்குப் போயிடும்.

பக்கத்துப் பக்கத்து ரெண்டு ஊர், ரெண்டு சமூகம். எங்க திட்டத்துல தொழிற்பயிற்சியும், முடிச்சதும் தொழில் தொடங்க ஒரு சிறு மானியமும் உண்டு. இன்னொரு நிறுவனம் சமாதானக் குழு நடத்துது: உரையாடல் வட்டம், பந்து விளையாட்டு, தெருநாடகம். மூணாவது, அரசுத் துறை மூலமா வர்ற சாலை, வாய்க்கால் கூலி வேலை. மூணும் "இளைஞர்களுக்காக", மூணும் "நல்லிணக்கத்துக்காக". போன வாரம் மூணு பயனாளி பட்டியலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேன். எங்க பட்டியல்ல பாதிக்கு மேல சமாதானக் குழுவுலயும் இருக்காங்க. ரெண்டு ஊரிலயும் எந்தப் பட்டியல்லயும் இல்லாத பிள்ளைகள் ஒரு பெரிய கூட்டம்.

செவ்வாய்க்கிழமை வெல்டிங் வகுப்பு. அதே செவ்வாய்க்கிழமை உரையாடல் வட்டம். அங்க தர்ற பயணப்படி எங்களைவிட ரெண்டு மடங்கு. வகுப்புல பயிற்றுநர் மட்டும் இருப்பார்.

மேலிடத்துல கேட்டா "மாசம் ஒரு ஒருங்கிணைப்புக் கூட்டம் போடுங்க"ன்னு பதில். நாலு போட்டாச்சு. ஒவ்வொருத்தரும் தங்க ஸ்லைடைக் காட்டிட்டு, குரூப் போட்டோ எடுத்துட்டுப் போயிடுறாங்க. இதை நிஜமா கோர்த்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

#2 சைக்கிள்சங்கிலி
தம்பி, கூட்டம் போட்டு எதுவும் ஒருங்கிணையாது. இருபது வருஷம் இந்த வேலை பார்த்தவன் சொல்றேன். கோர்க்க வேண்டியது ரெண்டே பொருள்: நாள்காட்டி, பட்டியல். நாள்காட்டி சுலபம். எந்த நாள் யாருடைய நாள்னு ஒரு தாள்ல எழுதி மூணு அலுவலகத்துச் சுவத்துலயும் ஒட்டினா முடிஞ்சது. படியும் ஒரே அளவாத்தான் இருக்கணும். அதுல பிடிவாதமா நில்லுங்க. காசு வித்தியாசம் இருக்கிற வரைக்கும் உங்க வகுப்பு காலியாத்தான் இருக்கும், பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்.

பட்டியல்தான் பெரிய விஷயம். சண்டை பார்த்த ஊருல பயனாளி பட்டியலை யாரும் அலுவலகக் காகிதமாப் பார்க்க மாட்டாங்க. தீர்ப்பை வாசிக்கிற மாதிரி வாசிப்பாங்க. யார் பேர் இருக்கு, யார் பேர் விட்டுப்போச்சு, யாருடைய மருமகன் எப்படி உள்ள வந்தான்னு ஒவ்வொரு வரியா அலசுவாங்க. ஒரு தடவை அவசரத்துல ஊர்ப் பெரியவர் ஒருத்தர் கொடுத்த பட்டியலை அப்படியே எடுத்துக்கிட்டோம். சுவத்துல ஒட்டின அன்னைக்கு மத்தியானமே ஆறு மாசம் உட்கார்ந்து பேசின பேச்செல்லாம் போச்சு. கல்லெறி எதுவும் இல்லை. அடுத்த வாரத்துல இருந்து ஒரு பக்கத்து ஆட்கள் வரலை, அவ்வளவுதான். அந்த அமைதி இருக்கே, அது சண்டையைவிட மோசம்.

அதுக்கப்புறம் நான் கடைப்பிடிச்ச முறை: தகுதி என்னன்னு ரெண்டு ஊரிலயும் ஒரே நாள்ல, ஒரே வார்த்தைகள்ல சொல்லணும். வரைவுப் பட்டியலை எல்லாரும் கேட்க வாசிக்கணும். ஆட்சேபணைக்கு ஒரு வாரம். தகுதி உள்ளவங்க இடத்தைவிட அதிகமா இருந்தா எல்லார் முன்னாலயும் குலுக்கல். நேர்காணல் வச்சுத் தோத்தவன் "எனக்கு எதிரா சதி"ன்னு நினைப்பான். குலுக்கல்ல தோத்தவன் தன் விதியைத்தான் திட்டுவான்.

#3 வரப்பு
தம்பி இல்லை அண்ணா, தங்கை. குலுக்கல் யோசனை நல்லா இருக்கு. ஆனா எங்க திட்ட ஆவணத்துல "அதிக ஆபத்தில் உள்ள இளைஞர்களை அடையாளம் காணுதல்"னு இருக்கே? குலுக்கலுக்கும் அதுக்கும் எப்படி ஒத்துவரும்?

#4 எண்ணும்எழுத்தும்
அந்த வரியை எழுதியவர் மனதில் ஒரு கணக்கு இருக்கிறது: வேலை இல்லாதவன் ஆயுதம் எடுப்பான், வேலை கொடுத்தால் கீழே போடுவான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆய்வுகள் இதற்கு அவ்வளவு எளிதாக ஒத்துழைப்பதில்லை.

ஆப்கானிஸ்தான், ஈராக், பிலிப்பைன்ஸ் மூன்றிலும் வேலையின்மையையும் தாக்குதல்களையும் ஒப்பிட்டு பொருளியலாளர் எலி பெர்மனும் மற்றவர்களும் 2011-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வேலையின்மை அதிகமான இடத்தில் அரசுப் படைகள் மீதான தாக்குதல் அதிகமாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், கிடைத்தது நேர் எதிர்.

வடக்கு உகாண்டாவில் அரசு இளைஞர் குழுக்களுக்குத் தொழில் மானியம் கொடுத்தது. யாருக்குக் கொடுப்பது என்பதைக் குலுக்கலில் தீர்மானித்ததால் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. நான்கு ஆண்டு கழித்து மானியம் பெற்றவர்களின் வருமானம் மற்றவர்களைவிட 38 சதவீதம் அதிகம். பணமாகப் பார்த்தால் பெரிய வெற்றி. ஆனால் ஊரோடு ஒட்டுறவு, சமூகத்துக்கு எதிரான நடத்தை, போராட்டங்களில் கலந்துகொள்வது ஆகிய எதிலும் வித்தியாசமே தெரியவில்லை. ஒன்பதாம் ஆண்டில் கிடைக்காதவர்களும் வருமானத்தில் எட்டிப்பிடித்துவிட்டார்கள்.

நான் எடுத்துக்கொள்வது இதுதான்: வேலைத் திட்டம் வேலைக்காகவே மதிப்புள்ளது. அதன் முதுகில் சமாதானத்தையும் ஏற்றினால், சமாதானம் பக்கவிளைவாகத் தானே வந்துவிடும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

#5 நடுவழி
நிதி கொடுக்கும் பக்கம் வேலை செய்பவன் என்பதால் அடி வாங்கத் தயாராகவே எழுதுகிறேன். மேலே சொன்னதெல்லாம் எங்களுக்கும் தெரியும். ஆனால் என் கையில் வேலைக்கு ஒரு நிதிச் சாளரம் (தனி நிதி ஒதுக்கீடு), சமாதானத்துக்கு வேறொரு நிதிச் சாளரம். முதலாவதில் "எத்தனை பேருக்கு வேலை" என்று கேட்பார்கள், இரண்டாவதில் "எத்தனை உரையாடல்" என்று கேட்பார்கள். "இந்த இரண்டும் ஒன்றையொன்று கெடுத்தனவா" என்று கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

திட்டம் எழுதுகிறவர்களுக்கு ஒரு உபயோகமான தகவல். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2017-ஆம் ஆண்டுப் பரிந்துரை எண் 205, வேலையையும் அமைதியையும் ஒரே ஆவணத்தில் இணைத்துப் பேசுகிறது. 1944-ல் போர் முடியும் தறுவாயில் வந்த பரிந்துரை எண் 71-க்குப் பதிலாக வந்தது இது. இளைஞர்களைப் பிரச்சினையாகப் பார்க்காமல் பங்காளிகளாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஐநா பாதுகாப்பு மன்றத்தின் 2250-ஆம் தீர்மானம் (டிசம்பர் 2015) இருக்கிறது. என் மேலதிகாரிகளிடம் நான் ஜெயித்த ஓரிரு வாதங்கள் இந்த இரண்டு எண்களைக் காட்டி ஜெயித்தவைதான். ஊரில் இவற்றால் எதுவும் மாறாது, அலுவலகத்தில் மாறும்.

#6 இரண்டாம்வரிசை
நான் ஆபீசர் இல்லை. உங்க எல்லாருடைய பட்டியல்லயும் இருந்தவன். சர்ட்டிபிகேட் நாலு இருக்கு: போன் ரிப்பேர், தலைமைப்பண்பு, மோதல் தீர்வு, மறுபடி போன் ரிப்பேர் (வேற நிறுவனம்). எங்க ஊர்ல இப்ப போன் வச்சிருக்கிறவனைவிட ரிப்பேர் பண்றவன் ஜாஸ்தி.

ரெண்டு விஷயம் சொல்றேன். ஒண்ணு, பயிற்சி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி யாராவது எங்க சந்தையில ஒரு நாள் முழுக்க நின்னு பார்த்திருந்தா இந்த நிலைமை வந்திருக்காது. எங்களுக்குத் தேவைப்பட்டது பம்ப் செட் ரிப்பேர். அதுக்கு ஆளே இல்லை. கெட்டுப்போனா வண்டியில ஏத்தி டவுனுக்கு அனுப்புவோம், அதுக்குள்ள பயிர் காய்ஞ்சிடும். பம்ப் பக்கத்து ஊர்லயும் கெட்டுப்போகும். ரிப்பேர்காரனை எந்த ஊருன்னு கேட்டுட்டா கூப்பிடுவாங்க?

ரெண்டாவது, சமாதானக் கூட்டத்துல பின்னாடி ஒரு பேனர். அதுல எங்களைப் பத்தி "வன்முறைக்கு ஆளாகக்கூடிய இளைஞர்கள்". அந்தப் பேனர் முன்னாடி நிக்க வச்சு போட்டோ எடுத்து நெட்ல போட்டாங்க. அப்புறம் ஒரு இடத்துல வேலை கேட்டுப் போனேன். அந்த முதலாளி போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டி "இது நீதானே"ன்னார். வரப்பு அக்கா, உங்க "அதிக ஆபத்தில் உள்ள"ங்கிற வார்த்தையை தயவுசெஞ்சு பேனர்ல எழுதாதீங்க.

#7 சைக்கிள்சங்கிலி
பம்ப் செட். இதைத்தான் நாலு மாசம் ஆலோசகர் வச்சு "சந்தை மதிப்பீடு" செய்றோம். இவர் நாலு வரியில சொல்லிட்டார்.

#8 ஆற்றங்கரை
இதுவரை எழுதிய எல்லாருடைய மனதிலும் "இளைஞர்" என்றால் ஒரு ஆண் உருவம்தான் நிற்கிறது என்று நினைக்கிறேன். வெல்டிங், பம்ப், பந்து. நாங்கள் பட்டியல் எடுத்தபோது "குடும்பத் தலைவர்" என்ற கட்டத்தை நிரப்பச் சொன்னோம். கணவனை இழந்து தனியாகக் குடும்பத்தை ஓட்டும் இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் பெயர், அவள் மாமனாரின் பெயருக்குள் ஒளிந்துகொண்டது. சண்டையில் இருந்த பெண்களோ பதிவு செய்யவே வருவதில்லை. அந்த அடையாளம் வெளியே தெரிந்தால் அவர்களுக்குக் கிடைப்பதைவிட இழப்பது அதிகம். முன்னாள் போராளிகளுக்கென்று தனி மேசை போட்டால் அதன் முன்னால் ஆண்கள் மட்டும் வரிசையில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். தனி மேசையே வேண்டாம், பொதுவாகவே சேருங்கள்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் எந்தப் பயிற்சி நேரமும் பெண்களுக்கு ஒத்துவராது. வகுப்புக்குப் பக்கத்து அறையில் ஒரு பாயும் ஒரு ஆயாவும் போதும். இதற்கு வரவு செலவில் வரி இல்லை என்று சொல்லாதீர்கள், பேனருக்கு இருக்கிறது.

இன்னொன்று, கலப்புக் குழு. இரண்டு சமூகத்தையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்தால் மனம் மாறிவிடும் என்று நம்பி ஆரம்பித்தேன். நைஜீரியாவின் கடூனாவில் கிறித்தவ, முஸ்லிம் இளைஞர்களை 16 வாரக் கணினிப் பயிற்சியில் சேர்த்துப் பார்த்தார்கள். மற்ற சமூகத்தைப் பற்றிய எண்ணம் பெரிதாக மாறவில்லை. ஆனால் கலந்து படித்தவர்கள், தனித்தனியாகப் படித்தவர்களைவிடக் குறைவாகப் பாரபட்சம் காட்டினார்கள். ஈராக்கில் இடம்பெயர்ந்த கிறித்தவ இளைஞர்களின் கால்பந்து அணிகளில் சில முஸ்லிம் வீரர்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. ஆறு மாதம் கழித்தும் சேர்ந்து பயிற்சி செய்தார்கள். மைதானத்துக்கு வெளியே, முகம் தெரியாதவர்களிடம் அந்த நெருக்கம் பரவவில்லை.

எனக்கு இது ஏமாற்றம் இல்லை. உள்ளம் மாறும் முன் நடத்தை மாறலாம். என் பட்டியலில் இருந்த ஒருவன் கடைசிவரை "அவங்களை நம்பவே முடியாது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் தன் பங்காளியின் கணக்கை ஒரு நாளும் தவறாக எழுதியதில்லை.

#9 எண்ணும்எழுத்தும்
அருமையான இரண்டு எடுத்துக்காட்டுகள். உரையாடல் வட்டம் நடத்துகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சியரா லியோனில் 200 கிராமங்களை எடுத்து, பாதியில் வெளிப்படையான மன்னிப்பு, உண்மை கூறும் நிகழ்ச்சிகள் நடத்திப் பார்த்தார்கள். மன்னிப்பு கூடியது, ஊர் ஒட்டுறவு கூடியது. அதே நேரம் மனச்சோர்வும் பதற்றமும் கூட அதிகரித்தன. பழைய காயத்தைத் திறந்துவிட்டு வாகனத்தில் ஏறிப் போய்விட்டால் அதோடு இருப்பது அந்த ஊர்தான். வேலைத் திட்டத்தோடு கோர்க்க எனக்குத் தெரியும் வலுவான காரணம் இது: அழுதுவிட்டு வீடு திரும்புகிறவனுக்கு மறுநாள் காலையில் போக ஒரு இடம் வேண்டும்.

இன்னும் ஒன்று, இது கிராமப்புறம் சார்ந்தது. லைபீரியாவில் முன்னாள் போராளிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு விவசாயப் பயிற்சி, ஆலோசனை, தொழில் தொடங்கப் பொருட்கள் என்று ஒரு திட்டம். சட்டவிரோத வேலைகளை அவர்கள் முழுதாக விடவில்லை, அவற்றில் செலவிடும் நேரத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் அண்டை நாடான ஐவரி கோஸ்டில் போர் மூண்டு, கூலிப்படைக்கு ஆள் சேர்ப்பு நடந்தது. விநியோகக் கோளாறால் ஒரு பகுதியினருக்குப் பொருட்கள் வந்து சேராமல், "பின்னால் தருகிறோம்" என்ற நிலை. ஆள்சேர்ப்பின் பக்கம் போகாமல் பெரிதும் விலகி நின்றவர்கள் இந்தக் காத்திருந்தவர்கள்தான். கையில் வந்த பணம் அவ்வளவு தடுக்கவில்லை, வரப்போகும் பணம் தடுத்தது. மானியத்தை ஒரே தவணையில் கொடுப்பவர்கள் யோசிக்கட்டும்.

#10 நடுவழி
தவணை என்றதும் எங்கள் கணக்குப் பிரிவின் முகம் நினைவுக்கு வருகிறது. ஆண்டு முடிவுக்குள் செலவழிக்காத பணம் திரும்பிப் போகும். ஆனாலும் இது சண்டை போடத் தகுந்த விஷயம்.

வரப்பு, மூன்று நிறுவனமும் ஒரே எக்செல் பட்டியலைப் பகிர்ந்துகொண்டாலே உங்கள் பாதிப் பிரச்சினை தீரும். யார் எங்கே, என்ன பின்னணி, என்ன பயிற்சி, எல்லாம் ஒரே இடத்தில்.

#11 இரண்டாம்வரிசை
"என்ன பின்னணி"யா? அந்த எக்செல் யார் கையிலெல்லாம் போகும்னு எழுதிக் கொடுப்பீங்களா?

#12 சைக்கிள்சங்கிலி
நடுவழி சார், இவர் கேட்கிறது சரி. நான் மேல பட்டியலைக் கோர்க்கணும்னு சொன்னேன், ஆனா எந்தப் பட்டியல்ங்கிறதுல கவனம் வேணும். சண்டை ஓய்ஞ்ச ஊருல ஒரு பெயருக்குப் பக்கத்துல "முன்னாள் உறுப்பினர்"னு ஒரு கட்டம் இருந்தா, அது என்னைக்கு யார் மேசைக்குப் போகும்னு யாராலும் சொல்ல முடியாது. இன்னைக்கு இருக்கிற அதிகாரி நல்லவர், சரி. நாளைக்கு? ஒரு தடவை சீருடையில ஒருத்தர் அலுவலகத்துக்கே வந்து பயிற்சிப் பட்டியலைக் கேட்டார். அன்னைக்கு எங்க பட்டியல்ல பெயர், ஊர், வகுப்பு மூணு கட்டம்தான் இருந்தது. கொடுக்க வேற எதுவும் இல்லாததால தப்பிச்சோம். என் கெட்டிக்காரத்தனம் இல்லை, கம்ப்யூட்டர்ல டைப் பண்ண ஆள் இல்லாததால அப்படி இருந்தது.

அதனால: பகிர வேண்டியது பெயர், வகுப்பு, நாள். பகிரக் கூடாதது கடந்த காலம், உறவுமுறை, குறைகேட்பு விவரம். ஊர் முன்னால வாசிக்கிற பட்டியலும் அந்த மூணோட நிக்கணும். எதை யாரோட பகிர்றோம்னு சேரும்போதே அவங்க மொழியில சொல்லிச் சம்மதம் வாங்கணும். வேண்டாம்னு சொன்னாலும் பயிற்சி உண்டுன்னு சேர்த்துச் சொல்லணும். அதைச் சொல்லாம வாங்குறது சம்மதமே இல்லை.

#13 நடுவழி
ஒப்புக்கொள்கிறேன். "பின்னணி" என்று அலட்சியமாக எழுதிவிட்டேன்.

#14 நெறியாளர்
எந்த ஊர் என்று ஊகித்து எழுதப்பட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. தயவுசெய்து வேண்டாம்.

#15 எண்ணும்எழுத்தும்
சாலை வேலை பற்றி யாரும் பேசவில்லை. பிலிப்பைன்ஸில் ஏழை நகராட்சிகளுக்கென, சாலை போன்ற ஊர்ப் பணிகளுக்காக வந்த ஒரு பெரிய சமூக வளர்ச்சித் திட்டத்தை ஆராய்ந்தபோது, தகுதி பெற்ற இடங்களில் மோதல் உயிரிழப்பு கூடியிருந்தது. திட்டம் வெற்றி பெற்றால் தங்கள் ஆதரவு குறையும் என்று கிளர்ச்சியாளர்கள் அதைக் குலைக்கப் பார்த்தார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அதே நாட்டில் குடும்பங்களுக்கு நேராகப் பணம் கொடுத்த திட்டத்தால் மோதல் குறைந்தது. அமைதி முழுதாக வராத இடத்தில், பெரிய பலகை வைத்துத் தேதி குறித்துத் தொடக்க விழா நடத்துவது யாருக்காவது இலக்கைக் காட்டுவதாகிவிடலாம்.

#16 வரப்பு
ஆறு வாரம் கழிச்சு வர்றேன். நடந்ததைச் சொல்லணும்ல.

நாள்காட்டி ஒட்டியாச்சு, வேலை செய்யுது. படியை ஒரே அளவாக்க முடியலை, அவங்க நிதி விதி விடலை. கடைசியில ரெண்டு பேரும் காசா கொடுக்கிறதை நிறுத்திட்டு ஒரே வண்டி ஏற்பாடு பண்ணினோம். ரெண்டு ஊரு வழியா வர்ற வண்டி. முதல் வாரம் ஒரு ஊர்ப் பிள்ளைகள் முன்னாடி, மறு ஊர்ப் பிள்ளைகள் பின்னாடி. இப்பவும் ஏறக்குறைய அப்படித்தான்.

பட்டியலை ரெண்டு ஊரிலயும் வாசிச்சோம். பெயர், வகுப்பு, அவ்வளவுதான். ஆட்சேபணை வந்தது, அதுல ஒண்ணு நியாயமானது: தேர்வுக் குழுவுல இருந்தவரோட சொந்தக்காரங்க ரெண்டு பேர். அந்த ரெண்டு பேரையும் நீக்கிட்டோம். அவர் இப்ப என்னோட பேசுறதில்லை. குலுக்கல்ல விடுபட்ட ஒரு அம்மா வந்து அழுதாங்க, அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. ஆற்றங்கரை அக்கா சொன்ன பாய், ஆயா ஏற்பாடு மட்டும் எதிர்பார்த்ததைவிட நல்லா நடக்குது.

அரசுத் துறை சேரவே இல்லை. ஒரு பொறியாளர் மட்டும் தன் ஆட்கள் எடுக்கிற தேதியை எனக்கு வாய்மொழியாச் சொல்றார்.

வெல்டிங் பேட்ச் ஒண்ணைப் பாதியில பம்ப் ரிப்பேருக்கு மாத்தினேன். ஆலோசகர் கோபம். மானியம் ரெண்டு தவணைதான், மூணு கேட்டேன். குழு சேர்றதை அவங்க இஷ்டத்துக்கு விட்டேன். கலப்புக் குழு ஒண்ணே ஒண்ணுதான் வந்தது, பம்ப் ரிப்பேர்ல அஞ்சு பேர். அதுவும் இப்ப உடையற நிலைமை. வெல்டிங் மெஷினும் ஜெனரேட்டரும் எந்த ஊர்ல வைக்கிறதுன்னு சண்டை. எங்க அலுவலகத்துல வைங்கன்னா, திட்டம் முடிஞ்சா அலுவலகமே இருக்காது. ஏதாவது யோசனை?

#17 ஆற்றங்கரை
வாரம் ஒரு ஊர் என்று முறை வைத்தால்?

#18 வரப்பு
கேட்டேன் அக்கா. "முதல் வாரம் யாரு?"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க.

#19 இரண்டாம்வரிசை
ஒரு இடத்துல வைக்கவே வேண்டாம். சக்கரம் போட்ட தள்ளுவண்டியில ரெண்டையும் பொருத்திடுங்க. பம்ப் கெட்டுப்போறது வயல்ல, கடைக்கு யார் தூக்கிட்டு வருவா? வண்டிதான் வயலுக்குப் போகணும். ராத்திரி எந்த வயல்ல வேலை முடியுதோ அந்தப் பக்கத்து ஆள் வீட்டுல நிக்கட்டும்.

#20 வரப்பு
இதை நாளைக்கே அவங்ககிட்ட கேட்கிறேன். ஜெனரேட்டர் எடையைத் தாங்குமா?

#21 இரண்டாம்வரிசை
பழைய மோட்டார் சைக்கிள் டயர் போட்டா தாங்கும். இரும்புச் சட்டம் அவங்களே வெல்டிங் பண்ணட்டும், படிச்சிருக்காங்கல்ல.

#22 சைக்கிள்சங்கிலி
பஞ்சரானா யார் காசுன்னு இப்பவே எழுதி வச்சுக்கோம்மா.